மூணு மழை தாண்டின என் ஸ்ட்ராட் காப்பி: பிக்கப், வயரிங் மாத்தின அனுபவம்

என் எலக்ட்ரிக் கிட்டார்ல பிக்கப்ப (ஸ்ட்ரிங் அதிர்றத சிக்னலா மாத்துற காந்தமும் சுருளும்) மாத்தின அன்னிக்கே எழுதியிருந்தா ஆஹா ஓஹோன்னு எழுதியிருப்பேன், நல்லவேளை சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். இப்ப இங்க மியான்மர்ல, யாங்கோன் மழைக்காலம் மூணு பாத்தாச்சு, கல்யாண ஆர்கெஸ்ட்ரா, சர்ச், ஏப்ரல்ல தண்ணித் திருவிழா மேடைன்னு எல்லா இடத்துலயும் அடிச்சாச்சு. இனிமே சொன்னா நியாயமா இருக்கும்.

கிட்டார் என்னமோ பேர் தெரியாத சைனா ஸ்ட்ராட் காப்பி (ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி செஞ்சது), செகண்ட் ஹேண்ட். விரல் ஓட்டுற நெக் அருமையான நெக், அதான் விக்க மனசு வரல. சத்தம்தான் தகர டப்பா. முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு, அதான் பிக்கார்டு, அதோட ஸ்க்ரூ 11ஐயும் கழட்டித் தூக்கிப் பாத்தா காரணம் தெரிஞ்சிது: பிக்கப்புக்கு அடியில ஒரு செராமிக் காந்தப் பட்டைய ஒட்டி வச்சிருக்கான், மேல நமக்குத் தெரியிற ஆறு கம்பியும் வெறும் இரும்பு. 1954ல வந்த ஒரிஜினல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கணக்குன்னா அந்தக் கம்பியே ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தமா இருக்கணும். வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்கிற பொட் எல்லாம் சட்டை பட்டன் சைஸ், வயர் தலைமுடி மொத்தம்.

சிங்கப்பூர்ல வேலை பாக்குற மச்சான் லீவுல வரும்போது ஆல்நிக்கோ 5 சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்கப் மூணு, 250 கே (கிலோ ஓம்) பொட் மூணு, பிக்கப்பத் தேர்ந்தெடுக்கிற அஞ்சு வழி சுவிட்ச், காப்பர் டேப் எல்லாம் வாங்கிட்டு வந்தான். நடு பிக்கப் மட்டும் காயில் சுத்தின திசையும் காந்த முனையும் ரெண்டும் தலைகீழா இருக்கிற வகை, இது முக்கியம், பின்னாடி சொல்றேன்.

வேலைய ஆரம்பிச்சா முதல் தடங்கல், பொட் கழுத்து பிக்கார்டு ஓட்டையில போகல. அமெரிக்க சைஸ் பொட் பெருசு, வட்ட அரம் வச்சி மெதுவா ராவினேன். பழைய நாபும் சேரல, தண்டுல இருக்கிற பல்லு இதுல பொடிசு, நாப் தனியா வாங்க வேண்டியதாப் போச்சு, இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி யாரும் சொல்றதில்ல. அப்புறம் மீ பியெத், அதாங்க கரண்ட் கட், அயர்ன் சூடேறி வரும்போதெல்லாம் போயிரும். 30 வாட் அயர்ன்ல பொட் முதுகுல கிரவுண்ட் வயர் ஒட்டவே மாட்டேங்குது, உருண்டையா நிக்கிது, தட்டினா உதிருது. எங்க தெரு ரேடியோ ரிப்பேர் மாமாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, நீ ஈயத்த மேல வச்சிருக்க, பத்த வைக்கல. முதுக அரத்தால கீறு, மொதல்ல அந்த முதுகைச் சூடாக்கு, ஈயம் தானா ஓடும்." அவரோட 60 வாட் அயர்ன்ல ரெண்டு நிமிஷ வேலை.

சத்தம் எப்படின்னா, எஃபெக்ட் எதுவும் போடாத கிளீன் சத்தத்துல நல்லா தெரியுது, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாக் கேக்குது, நெக் பக்கத்துல இருக்கிற பிக்கப்ல ஒரு மணி சத்தம் வருது. ஆனா முதல் வாரம் ஏமாந்து போனேன், 12வது ஃபிரெட்டுக்கு (நெக்ல இருக்கிற குறுக்குக் கம்பி) மேல ஆறாவது, அதாவது தடிச்ச ஸ்ட்ரிங் அடிச்சா ஒரே நோட்டுல ரெண்டு சுருதி அலையுது. பிக்கப்பே கோளாறுன்னு மச்சான்கிட்ட போன்ல கத்தினேன், பாவம். கோளாறு என்னுதுதான். பழைய பிக்கப் இருந்த உயரத்துலயே இதையும் வச்சிருக்கேன், ஆல்நிக்கோ கம்பி ஸ்ட்ரிங்க பக்கத்துல இருந்து இழுக்குது. கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கிட்டு ஆறாவது பக்கம் 2.5 மில்லிமீட்டர், முதல் ஸ்ட்ரிங் பக்கம் 2 விட்டு இறக்கினேன், போயே போச்சு. இன்னொன்னு, பழைய மாடல்ல மூணாவது ஸ்ட்ரிங்குக்கு அடியில இருக்கிற காந்தக் கம்பி உயரமா இருக்கும், அந்தக் காலத்துல அந்த ஸ்ட்ரிங் மேல இன்னொரு கம்பி சுத்தினது. இப்ப நாம போடுறது வெறுங்கம்பி, அதனால அது மட்டும் முந்திக்கிட்டுக் கேக்கும். இன்னமும் கேக்குது, விரல்ல அடக்கிக்கிறேன்.

என்னைக் கேட்டா பிக்கப்ப விட வயரிங்தான் காசுக்குத் தகுந்த வேலை. பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் கீழ்முனை உக்கார்ற இடம்) பக்கத்துப் பிக்கப்புக்கு டோன் நாபே இருக்காதுல்ல, சுவிட்ச்ல ஒரு துண்டு வயர் போட்டு டோன் நாபோட சேத்தேன், காதைக் குத்துறது அடங்கிச்சி. வால்யூம் பொட்ல 150 கே ரெசிஸ்டரும் 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் பக்கம்பக்கமா (பேரலல்) போட்டா வால்யூம் குறைச்சாலும் சத்தம் மங்காது. டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் போதும், விலை கூடினதெல்லாம் எனக்குக் காதுல வித்தியாசம் தெரியல, அளவு மாறினாத்தான் தெரியுது.

இரைச்சல் விஷயம். காப்பர் டேப் ஒட்டினா எல்லாம் அமைதியாயிரும்னு நம்பிடாதீங்க. டியூப் லைட், டிம்மர்லேர்ந்து வர்ற சரசர சத்தம்தான் குறையும். டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து வர்ற 'ம்ம்ம்' காந்தத்தால வர்றது, மெல்லிசு காப்பர் அதை நிறுத்தாது. அதுக்குத்தான் அந்தத் தலைகீழ் நடு பிக்கப்: சுவிட்ச் ரெண்டாவது, நாலாவது இடத்துல ரெண்டு பிக்கப் சேரும்போது 'ம்ம்ம்' ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். ஜெனரேட்டர்ல ஓடுற கல்யாண மேடையில நான் அந்த ரெண்டு இடத்தை விட்டு நகர்றதே இல்ல. ரெண்டு முள் பிளக் இருக்கிற பழைய கட்டடங்கள்ல எர்த் கிடையாது, கிட்டாரத் தொட்டுக்கிட்டு மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு ஏறும். அதைக் கிட்டார்ல சரி பண்ண முடியாது, கட்டடத்துல எர்த் போடணும், விளையாட்டு இல்ல.

ரெண்டாவது மழையிலதான் மானம் போச்சு. சர்ச்ல ரெண்டாவது பாட்டு, திடீர்னு கிட்டார் செத்துப்போச்சு. கேபிளை மாத்துறேன், ஆம்பைத் தட்டுறேன், ஒண்ணும் இல்ல, பாஸ்டர் என்னையே பாக்குறாரு. வீட்ல வந்து திறந்தா, கேபிள் சொருகுற ஜாக் குழிக்குள்ள ஈரத்துல காப்பர் டேப் ஓரம் உரிஞ்சி ஜாக் நுனியில போய்த் தொட்டுக்கிட்டு நிக்கிது, சிக்னல் நேரா கிரவுண்டுக்குப் போயிருச்சு. அந்த இடத்துல மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப் மடிப்புகளையும் ஈயத்தால புள்ளி வச்சிட்டேன், அதுக்கப்புறம் தொந்தரவு இல்ல. இப்ப காந்தக் கம்பி தலையில துரு லேசாப் புடிச்சிருக்கு, சத்தத்துல ஒண்ணும் தெரியல. வால்யூம் பொட் மழைக்கு மழை கரகரக்கும், கான்டாக்ட் கிளீனர் அடிச்சி இருபது தடவை திருப்பினா சரியாயிரும்.

கழட்டின பழைய பிக்கப்ப அக்கா பையன் கிட்டார்ல போட்டுக் கொடுத்தேன், பொட் நல்லதாப் போட்டு, உயரம் பாத்து வச்சி. போன வாரம் என்னைத் திருப்பி உக்கார வச்சி ரெண்டு கிட்டாரையும் டிஸ்டார்ஷன்ல (சத்தத்தை உடைச்சி முரடாக்குற எஃபெக்ட்) அடிச்சிக் காட்டி "மாமா, எது உங்கது?"ன்னான். மூணு தடவையில ரெண்டு தடவை தப்பாச் சொன்னேன்.