எம்பிஹெச் (பொதுச் சுகாதார முதுநிலை) பட்டமா, கள நோய்ப்பரவியல் பயிற்சியா?

நோய்கள் யாருக்கு, எங்கே, ஏன் வருகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவியலைப் படிக்க நினைப்பவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

காலம்: எம்பிஹெச் பெரும்பாலும் 1 முதல் 2 ஆண்டு. களப் பயிற்சியின் உயர்நிலையும் 2 ஆண்டுதான். ஆனால் அதில் சுமார் 3 மாதத்தில் முடியும் அடிப்படை நிலையும் உண்டு.

செலவு: பட்டத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். களப் பயிற்சியில் பெரும்பாலும் சம்பளத்தோடோ உதவித்தொகையோடோ படிக்கலாம். ஆனால் பல நாடுகளில் அரசு சுகாதாரப் பணியில் இருப்பவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும்.

கற்கும் விதம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய இஐஎஸ் (தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவை) திட்டம்தான் களப் பயிற்சிக்கு முன்னோடி. 1980இல் தாய்லாந்து இதே பாணியில் தன் திட்டத்தைத் தொடங்கியது. இப்படிப்பட்ட பயிற்சியில் வகுப்பு சில வாரம்தான், மீதி நேரம் வேலை. ஒரு விருந்துக்குப் பிறகு பலருக்கு வாந்தி என்றால், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, முழு விவரம் கைக்கு வரும் முன்பே அதிகாரியிடம் பரிந்துரை சொல்லியாக வேண்டும். தலைமைப் பண்பு என்று தனிப் பாடம் வைத்தாலும் இந்த நெருக்கடியைச் சொல்லித்தர முடியாது என்பது என் எண்ணம்.

சரி, பட்டத்தில் என்ன லாபம்? ஆய்வு வடிவமைப்பு, புள்ளியியல், குழப்பக் காரணிகளை (உண்மைக் காரணத்தை மறைத்து முடிவைத் திசைதிருப்பும் வேறு காரணிகளை) பிரித்தறிவது எல்லாம் நிதானமாக, ஆழமாக வரும்.

ஆராய்ச்சியோ கற்பித்தலோ குறிக்கோள் என்றால் எம்பிஹெச். ஏற்கெனவே சுகாதாரத் துறையில் இருந்துகொண்டு நோய்ப்பரவலைக் கையாளும் குழுவை நடத்த ஆசை என்றால் களப் பயிற்சி. பட்டம் முடித்துவிட்டு அப்புறம் களத்துக்குப் போகிறவர்களும் நிறைய.