16 சேனல், ஒரே ஏடிசி: ஒரு தரவுச் சேகரிப்புக் கருவியுடன் சில ஆண்டுகள்

வெப்பநிலை, அழுத்தம், விசை ஆகியவற்றைப் பதிவுசெய்ய, 16 சேனல் (சென்சார் இணைக்கும் உள்ளீடு) கொண்ட ஒரு தரவுச் சேகரிப்புக் கருவியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். 16 பிட், ±10 வோல்ட் உள்ளீடு, யுஎஸ்பி இணைப்பு என்று நடுத்தர விலையில் கிடைக்கும் வகைதான். நல்ல கருவி. ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘16’ என்ற எண்ணை நம்பிவிடக் கூடாது. சேனல்கள் 16 இருந்தாலும் உள்ளே இருக்கும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று) ஒன்றுதான். மல்டிபிளெக்சர் ஒவ்வொரு சேனலாக அதனுடன் இணைத்து விடுகிறது. நான் பட்ட பாட்டில் பாதி அந்த மல்டிபிளெக்சரால் வந்தது.

எதுவும் இணைக்காத சேனல் பக்கத்துச் சேனலின் அளவீட்டை அப்படியே காட்டும். இதைப் பார்த்துவிட்டுக் கருவியே பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உண்மையில், முந்தைய சேனலின் மின்னூட்டம் உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கியில் தங்கிவிடுகிறது; அடுத்த சேனலில் அது வடிய வழியில்லை. சென்சார் இணைத்திருந்தாலும் அதன் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால் இதே தொல்லைதான். 5 வோல்ட் தரும் இடப்பெயர்ச்சி சென்சாருக்கு அடுத்த சேனலில் சில மில்லிவோல்ட் மட்டும் தரும், விசை அளக்கும் லோட் செல்லை வைத்தால், முன்னது அசையும்போதெல்லாம் பின்னதும் கூடவே ஆடும். வாசிப்பு வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் குற்றவாளி இதுதான். பயன்படுத்தாத உள்ளீடுகளைக் கிரவுண்டுடன் இணைத்துவிட்டு, மெல்லிய சிக்னலுக்கு முன்னால் அப்படி ஒரு கிரவுண்டு சேனலை வாசிக்க வைத்தேன். பெரும்பகுதி தீர்ந்தது.

இன்னொரு புகார் அடிக்கடி காதில் விழும்: ‘தெர்மோகப்பிள் ஏழு டிகிரி குதிக்கிறது.’ தெர்மோகப்பிள் என்பது வெப்பநிலைக்கேற்ப மெல்லிய மின்னழுத்தம் தரும் சென்சார். அந்தக் குதிப்பு இரைச்சலே (சிக்னலில் கலக்கும் தேவையற்ற ஆட்டம்) அல்ல. ±10 வோல்ட் வரம்பை 16 பிட்டால், அதாவது 65,536 படிகளாக, வகுத்தால் ஒரு படி சுமார் 305 மைக்ரோவோல்ட். கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியசுக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். ஒரு படி ஏறினாலே ஏழு டிகிரி தாண்டிவிடும். வரம்பை ±100 மில்லிவோல்ட்டுக்கு மாற்றினால் படி 3 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. வினாடிக்கு 10 அளவீடு எடுக்கும்போது, ஒரு கனமான உலோகக் கட்டி 20 வினாடிக்கு ஒருமுறை சூடேறிக் குளிர்வதாக வரைபடம் காட்டியது. அவ்வளவு பெரிய கட்டியால் அந்த வேகத்தில் சூடேறவும் முடியாது, குளிரவும் முடியாது. உண்மையில் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். 50 என்பது 10-இன் முழு மடங்கு என்பதால், ஒவ்வொரு அளவீடும் அலையின் ஒரே இடத்தில் விழுகிறது. மின்சாரம் 49.95 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அந்த 0.05 ஹெர்ட்ஸ் வித்தியாசம் 20 வினாடி அலையாக வரைபடத்தில் எழுகிறது. அளவீடு பதிவான பிறகு எந்த வடிகட்டி போட்டாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. வேகமாக வாசித்து, ஒவ்வொரு 20 மில்லிவினாடித் துண்டுக்கும் சராசரி எடுத்தவுடன் அலை மறைந்தது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு வேண்டுமென்றால் 100 மில்லிவினாடி சரியாக வரும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் எழுந்தால், இப்போது முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு உள்ளீட்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து கிரவுண்டு செய்கிறேன். இரைச்சல் நின்றால் தேட வேண்டியது கேபிளிலும் சென்சாரிலும். நிற்காவிட்டால் கருவியில், அல்லது அதற்கு மின்சாரம் தரும் மடிக்கணினி சார்ஜரில். சார்ஜரைப் பிடுங்கியவுடன் கோடு பாதியாக மெலிந்ததைப் பார்த்திருக்கிறேன். கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்வது, மோட்டார் கேபிளை விட்டு விலக்குவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. டிஃபரன்ஷியல் முறையில் (இரு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது), கிரவுண்டுடன் தொடர்பில்லாமல் மிதக்கும் தெர்மோகப்பிளை இணைக்கும்போது, ஒரு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் அளவில் ஒரு மின்தடை வைப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் அளவீடு மெல்ல நகர்ந்து வரம்பின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். திருகு முனைகள் அதிர்வில் தளர்கின்றன. மென்பொருளில் வடிகட்டி கேட்காமலே இயங்குகிறது. கோடு அழகாக இருக்கும், பிழை உள்ளே பத்திரமாக இருக்கும். அதை அணைத்துவிட்டுத்தான் எதையும் நம்ப வேண்டும்.

மீண்டும் வாங்குவேனா? வெப்பநிலை, அழுத்தம் போன்ற மெதுவான அளவீடுகளுக்கு, தயங்காமல். அதிர்வை அளக்க வாங்க மாட்டேன். மொத்தம் வினாடிக்கு 1,00,000 அளவீடு என்றால் முதல் சேனலுக்கும் 16-ஆவது சேனலுக்கும் இடையே 150 மைக்ரோவினாடி ஓடிவிடுகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் அது, ஒரு அலைச்சுற்றின் 360 டிகிரியில், 54 டிகிரி கட்ட வேறுபாடு. அந்த வேலைக்குச் சேனலுக்கு ஒரு ஏடிசி உள்ள கருவிதான் சரி, விலை எவ்வளவு கூடினாலும்.