கதிர்வீச்சு நாட்களுக்கு முன்திறப்புப் பருத்திச் சட்டை: புதுச்சேரி நேரு வீதி
மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் பல பெண்களை உறங்கவிடாதது இயந்திர பயம் மட்டுமல்ல, உடை களையும் கூச்சமும்தான். நேரு வீதித் துணிக்கடைகளில் கிடைக்கும் இந்தச் சட்டை அதற்கு நல்ல துணை. டிச் பட்டன் வைத்ததையே கேளுங்கள்; அறுவைக்குப் பின் தோள் இறுகியிருந்தால் சின்னப் பொத்தான் படுத்தும். அக்குள் தையல் தடிப்பாக இருப்பதுதான் பெரிய குறை, சிவந்த தோலில் உரசும். அங்கே பழைய வேட்டித்துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஓர் அளவு பெரிதாக, அடர்நிறத்தில் எடுங்கள். கதிர் பாயவேண்டிய இடத்தைக் குறிக்கத் தோலில் போடும் மை அடையாளம் வெளிர்துணியில் ஒட்டும். கஞ்சி போக அலசுங்கள். வீட்டிலேயே அதை அணிந்து, கையைத் தலைக்குமேல் வைத்து 15 நிமிடம் அசையாமல் படுத்துப் பழகினால் முதல்நாள் பதற்றம் குறையும். கதிர் பாய்வது சில நிமிடங்களே, வலிக்காது. தொழில்நுட்பர் கேமராவில் பார்த்தபடியே இருப்பார், கூப்பிட்டால் கேட்கும்.