பில்லில் கார்புரேட்டர் ஓவர்ஹால், குழாய்க்குள் பால்ரஸ் குண்டு: பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய பழைய பிக்கப்பைப் பட்டறைக்கு அனுப்ப நினைப்பவர்கள் அதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டு டொயோட்டா பிக்கப், 2,366 சிசி கொண்ட 22ஆர் எஞ்சின். இந்த எஞ்சினின் பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கார்புரேட்டரைச் சுற்றி நூல்கண்டு சிக்கலைப் போலப் பின்னிக் கிடக்கும், எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் மெல்லிய வேக்குவம் குழாய்கள்தான். ஏமாற்ற நினைப்பவருக்கு அந்தச் சிக்கல் எவ்வளவு வசதியானது என்பதை 780 டாலர் கொடுத்த பிறகே தெரிந்துகொண்டேன்.

வண்டிக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அது குலுங்கியது. சிக்னலில் நின்று ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால் திணறி, சில நேரம் அணைந்தும் போனது. இங்கு 1976ஆம் ஆண்டு மாடல் முதலான பழைய பெட்ரோல் வண்டிகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைச் சோதனையில் தேற வேண்டும். தேதி நெருங்கியதால், நண்பர் ஒருவர் சொன்ன பட்டறையில் வண்டியை விட்டேன். கார்புரேட்டரை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்ததாகவும், பழுதான குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றியதாகவும் பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். வண்டியும் அமைதியாக ஓடியதால் நான் எதையும் கேட்கவில்லை.

சோதனையில் வண்டி தோற்றது. இப்பகுதியில் இந்த வயதுடைய வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டிப் புகையை அளக்கிறார்கள். ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் வரம்புக்குள் இருந்தன; நைட்ரிக் ஆக்சைடு மட்டும் வரம்பைத் தாண்டி எங்கோ இருந்தது. கண்ணால் பார்க்கும் சோதனையில் குழாய்கள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருப்பதாகக் குறித்திருந்தார்கள். பட்டறைக்காரரிடம் போனால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மேலும் 900 டாலர் ஆகும் என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நைட்ரிக் ஆக்சைடு மட்டும் தனியாக உயர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இ.ஜி.ஆர். வால்வை. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப சிலிண்டருக்குள் விட்டு எரியும் வெப்பத்தைக் குறைப்பதே அதன் வேலை. அது நின்றால் வெப்பம் ஏறும், நைட்ரிக் ஆக்சைடும் கூடும்.

கையால் இயக்கும் வேக்குவம் பம்பு ஒன்றை வாங்கி, ஐடிலில் அந்த வால்வுக்கு நேரடியாக உறிஞ்சுவிசை கொடுத்தேன். எஞ்சின் உடனே திணறியது. அப்படியானால் வால்வு நன்றாக இருக்கிறது. பிறகு எஞ்சினை நன்கு சூடாக்கி, வால்வுக்கு வரும் குழாயில் உறிஞ்சுவிசையை அளக்கும் மீட்டரை மாட்டி, நண்பரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். முள் அசையவே இல்லை. குழாயைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனபோது, வால்வுக்குப் போகும் உறிஞ்சுவிசையைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்கு நான்கு விரற்கடை முன்னால் ரப்பருக்குள் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஏதோ உருண்டது. பிளேடால் கீறிப் பிதுக்கினேன். எண்ணெய் பூசிய பால்ரஸ் குண்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. எஞ்சினின் பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், விரிசல் விட்டிருந்த இன்னொரு குழாயிலும் அதே போன்ற குண்டு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் மாட்டியபடியே இருக்கும், சோதனை செய்பவருக்கும் தெரியாது. குலுங்கலுக்குக் காரணமான விரிசலை மாற்றாமல் அடைத்திருக்கிறார்கள். திணறலுக்குக் காரணமோ மாடுலேட்டருக்குள் இருந்த சிறு ஃபில்டரில் அடைத்த அழுக்குதான். காற்றடித்தால் தீரும் அந்த வேலையைச் செய்யாமல் இ.ஜி.ஆரையே முடக்கிவிட்டார்கள்.

பிறகு கார்புரேட்டரையும் திறந்தேன். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. ஸ்ப்ரே அடித்துக் கழுவியிருக்கிறார்கள். மேல்மூடியை நெம்பியபோது கேஸ்கெட் அப்பளம் போல நொறுங்கியது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடியில் துருவண்டல் படிந்திருந்தது. பிரித்து மாட்டிய கார்புரேட்டரில் இந்த இரண்டும் இருக்க வழியே இல்லை.

சரிசெய்ய எனக்கு இரண்டு வார இறுதிகளும், கார்புரேட்டர் பழுதுபார்க்கும் கிட், குழாய், பம்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 110 டாலரும் ஆயின. குழாய்களை மொத்தமாகக் கழற்றாமல், பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளத்தில் புதியதை வெட்டி மாட்டினேன். அந்த ஸ்டிக்கர் உங்கள் வண்டியில் இன்னும் படிக்கும்படி இருந்தால், இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கிழிந்துபோன வண்டியின் சொந்தக்காரர், பட்டறைக்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். எல்லாம் மாட்டிய பின் ஐடிலில் உறிஞ்சுவிசை மீட்டர் 18 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நின்றது. மறுசோதனையில் வண்டி தேறியது.

இம்மாநிலச் சட்டப்படி, வேலை தொடங்கும் முன் பட்டறை எழுத்தில் மதிப்பீடு கொடுத்து நம் ஒப்புதலைப் பெற வேண்டும். போட்ட பாகம் புதியதா, பழையதா, புதுப்பித்ததா என்பதை பில்லில் குறிக்க வேண்டும். கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு, ஆனால் வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டாக வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பழைய கேஸ்கெட்டைக் காட்ட முடியாமல் அன்றே அகப்பட்டிருப்பார்கள்.

வாகனப் பழுதுபார்ப்பை மேற்பார்வையிடும் மாநில அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்; அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு குண்டுகளையும் அவற்றை எடுத்த குழாய்த் துண்டுகளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஏழு வாரங்களுக்குப் பிறகு ஓவர்ஹாலுக்கு வாங்கிய 520 டாலரைப் பட்டறை திருப்பித் தந்தது. மீதி 260 டாலர் பரிசோதனைக் கூலி என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.