டிரை சம்ப் ஹோஸ் வாங்குகிறவர்கள் ஒரு துண்டை வெட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

எனக்குத் தர்மபுரி. பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை நான்கு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டிராக்கில் ஓட்டுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தேன். அந்த இன்ஜின் இப்போது பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது. காரணம் ஒன்றரை மீட்டர் ஹோஸ். ஓசூர் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை, அதே சரக்கு இன்னும் பல கடைகளுக்குப் போயிருக்கும், அதனால் சரக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வேகமாக வளைவில் திரும்பும்போது சாதாரண சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தட்டில், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் போய்விடும். டிரை சம்ப்பில் ஆயில் தனி டேங்க்கில் இருக்கும். என்னுடையது மூன்று ஸ்டேஜ் பம்ப். இரண்டு ஸ்டேஜ் இன்ஜினுக்கு அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சி டேங்க்குக்கு அனுப்பும், மூன்றாவது டேங்க்கிலிருந்து எடுத்து பிரஷரோடு இன்ஜினுக்குத் தரும். டேங்க் எனக்கு டிரைவர் பக்கத்து இடத்தில், பம்ப் முன்னால். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு ஆயிலை உறிஞ்சிக்கொண்டு நடுவில் போகிற சக்‌ஷன் லைன்தான் எல்லாவற்றுக்கும் உயிர். பம்ப்புக்குப் பிறகு நாலு, ஐந்து பார் பிரஷர் இருக்கும், அங்கே லைன் கொஞ்சம் சிறிதானாலும் ஆயில் முட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் டேங்க்கிலிருந்து பம்ப் வரை ஆயிலைத் தள்ளுவது வெறும் காற்று மண்டல அழுத்தம், ஒரு பார், அதற்கு மேல் கிடையாது. அதனால் அந்த லைன்தான் எல்லாவற்றையும் விடப் பெரியதாக, குட்டையாக, வளைவு குறைவாக இருக்க வேண்டும், உறிஞ்சும்போது உள்வாங்காமல் விறைப்பாக நிற்கவும் வேண்டும்.

நான் கேட்டது சக்‌ஷனுக்கு 16 நம்பர், மற்றதற்கு 12. இந்த நம்பர் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு, 16 என்றால் ஒரு இன்ச் குழாய்க்கானது, 12 என்றால் முக்கால் இன்ச். ஹோஸின் உள் விட்டம் சுமாராக 22 மில்லியும் 17 மில்லியும் வரும். ஐந்து மில்லிதானே என்று தோன்றும், ஆயில் போகிற பரப்பில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஹோஸ் கடைக்குப் பஞ்சமே இல்லை. கிரானைட் குவாரி, ஜேசிபி, சிப்காட் கம்பெனிகள் என்று நாள் முழுக்க வேலை இருக்கும், அருமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைக்காரரிடம் நான் தெளிவாகச் சொன்னேன், "அண்ணா, இது சக்‌ஷன், உள்ளே வயர் சுருள் இருக்கணும், ஆயில் 120 டிகிரி வரைக்கும் போகும்" என்று. "எல்லாம் ரேஸிங் ஐட்டம்தான் சார், ஸ்டீல் பிரெய்ட், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்றார். எல்லா லைனும் ஃபிட்டிங்கோடு சேர்த்து 38,000 ரூபாய். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டேன், "அப்புறம் அனுப்புறேன்" என்றார், ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது எல்லாம் சரி. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பயிற்சிக்கு எடுத்துப் போனேன். முதல் இரண்டு சுற்றில் பிரஷர் நாலு பாரில் அசையாமல் நின்றது. ஆயில் நன்றாகச் சூடானதும் நேர்ப்பாதையில் 6,000 ஆர்பிஎம் தாண்டியபோது முள் மெதுவாக இறங்கியது, மூன்று, இரண்டு, ஒன்றரை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திரும்ப ஏறிவிட்டது. கேஜ்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து இன்னொரு சுற்று போனேன். அந்தச் சுற்றில் கீழே டக்டக்கென்று சத்தம் வந்தது.

பட்டறை அண்ணன் கழற்றியதும் முதலில் பில்டரை வெட்டினார், மடிப்பெல்லாம் ஜரிகைத் தூள் மாதிரி பேரிங் துகள். கனெக்டிங் ராட் பேரிங் ஒன்று இடத்திலேயே சுழன்றுவிட்டது, கிராங்க்கும் கெட்டுவிட்டது. பிறகு அவர் சக்‌ஷன் ஹோஸை நீளவாக்கில் பிளந்து, "தம்பி, இங்க பாரு" என்று காட்டினார். வயர் சுருள் இல்லை. மேலே ஸ்டீல் பின்னல் வெறும் சட்டை, உள்ளே சாதாரண ரப்பர் குழாய். விரலால் அழுத்தினால் அமுங்கியது. ஒரு இடத்தில் உள் ரப்பர் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கியது. குளிர்ந்த ஆயிலில் விறைப்பாக இருந்தது, சூடேறி இளகியதும் உறிஞ்சலுக்கு உள்வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைந்தால் உறிஞ்சலும் குறையும், அதனால் திறந்துகொள்ளும். கேஜ் சொன்னது உண்மைதான்.

அதோடு முடியவில்லை. பம்ப் பக்கத்து எல்போவில், அதாவது வளைந்த ஃபிட்டிங்கில், வெர்னியர் அளவுகோலை வைத்தோம், உள்ளே 15 மில்லி. வெளியே 16 நம்பர் நட், உள்ளே 12க்கும் குறைவான துளை.

கடைக்குத் துண்டோடு போனேன். "ரேஸ் காருக்கு கேரண்டி கிடையாது சார், நீங்க எப்படி ஓட்டினீங்களோ" என்றார். எஸ்டிமேட் சீட்டையும் அவர் எழுதியதில்லை என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே கணக்கு மட்டும்தான் கையில் இருக்கிற ஆதாரம். பில் வராமல் ஹோஸைக் கையில் எடுக்காதீர்கள், நான் அந்த ஒரு இடத்தில் விட்டதற்கு இன்று அலைகிறேன்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம் என்றால், முதலில் அதே ரோலில் ஒரு சாண் துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். அந்தத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஃபிட்டிங் மாட்டிய பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ஹோஸைச் சொருகும்போது ரப்பர் செதுக்கப்பட்டுத் தொங்கினால் அதுவே வால்வு மாதிரி அடைக்கும். உள் விட்டத்துக்குச் சற்றுக் குறைந்த பால்ரஸ் குண்டு ஒன்று இந்த முனையில் போட்டால் அந்த முனையில் விழ வேண்டும். ஹைட்ராலிக் கடையில் ஆர்1, ஆர்2 என்று தருகிற ஹோஸ் ரகங்கள் பிரஷருக்கானவை, சக்‌ஷனுக்கு வயர் சுருளோடு ஆர்4 உண்டு, ஆனால் அதுவும் பொதுவாக 100 டிகிரி வரைதான், ரேஸ் ஆயில் சூட்டுக்குப் போதாது. ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரியாக இருக்க வேண்டும், 60 டிகிரி பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் அளவு) ஃபிட்டிங்கைப் போட்டு இறுக்கினால் ஒழுகும்.

இன்ஜின் ஏற்கெனவே போனவர்களுக்கு ஒன்று. பேரிங் துகள் ஆயில் கூலருக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் புகுந்திருக்கும். கூலரைக் கழுவினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், புதிதாகப் போடுங்கள். டேங்க்கைப் பிரித்துத் துடைக்கலாம், பம்ப்பைத் திறந்து பார்க்கலாம், கூலரின் உட்பக்கத்தைப் பார்க்கவே முடியாது. எனக்கு கிராங்க் செலவோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

பிளந்த ஹோஸும் எல்போவும் என்னிடம்தான் இருக்கின்றன. இந்தப் பக்கம் யாராவது டிரை சம்ப் வேலை வைத்திருந்தால் சொல்லுங்கள், வாங்கப் போவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.