முகத்தில் கொழுப்பு வைத்து நான்கு ஆண்டுகள்: என் அனுபவம்

இருபது கிலோவுக்கு மேல் எடை குறைத்தபோது எல்லாரும் பாராட்டினார்கள். கூடவே, "உடம்புக்கு ஏதாவதா?" என்றும் கேட்டார்கள். கன்னம் ஒட்டிப்போய், நெற்றிப்பொட்டு குழிந்து, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. வலது மேல்கையில் வேறொரு பழைய குழி. எப்போதோ போட்ட ஸ்டீராய்டு ஊசி அந்த இடத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டது.

முதலில் ஃபில்லர்தான், அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியில் போடும் ஜெல்தான், போடலாம் என்றிருந்தேன். ஹைலூரானிக் அமில ஃபில்லர் பிடிக்காவிட்டால் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் அது தானாகவும் கரையும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். நம் உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் சொந்தக் கொழுப்பு அப்படியல்ல, பிடித்துக்கொண்ட அளவு நிற்கும். அதனாலேயே, கூடிப்போனால் அவ்வளவு சுலபமாகக் குறைக்கவும் முடியாது. இதை நன்றாக யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

தொடையின் உட்பக்கத்தில் மரத்துப்போகும் மருந்து கலந்த திரவத்தை ஏற்றி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சினார்கள். இயந்திரத்தில் சுழற்றிய பிறகு டாக்டர் ஒரு சிரிஞ்சைக் காட்டினார். மேலே எண்ணெய், அடியில் ரத்தம் கலந்த நீர், நடுவில் வெளிர்மஞ்சள் கொழுப்பு. அந்த நடுப்பகுதிதான் முகத்துக்குப் போகும், அதுவும் துளித்துளியாக. வைத்த கொழுப்புக்கு முதல் சில நாட்கள் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால் நடுவில் இருப்பது செத்து, எண்ணெய்க் கட்டியாகிவிடும்.

முதல் வாரம் முகத்தைவிடத் தொடைதான் வலித்தது. நீலமும் ஊதாவுமாகக் கன்றிப்போய், உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு. முகமோ பந்து போல வீங்கியிருந்தது. மூன்றாவது வாரம் வீக்கம் இறங்கியதும் கண்ணாடியில் பார்த்து, அடடா, இதுதான் வேண்டும் என்று மகிழ்ந்தேன். மூன்றாவது மாதம் பார்த்தால் பாதி காணோம். ஏமாந்துவிட்டோம் என்று அழுதேகூட இருக்கிறேன். பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும், பாதிக்கு மேல் கரைந்துபோவதும் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஆறு மாதம் கழியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எட்டாவது மாதம் கன்னத்துக்கும் கைக்கும் இரண்டாவது முறை செய்துகொண்டேன். அப்புறம் கன்னம் நன்றாகவே நின்றுவிட்டது. நெற்றிப்பொட்டு சுமார்தான். இடது கண்ணுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் ஒரு சிறு முடிச்சு இன்னும் இருக்கிறது. சிரிக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் பட்டால் தெரியும். அங்கே தோல் மிகவும் மெல்லியது, கொஞ்சம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கடியில் செய்யப்போகிறவர்கள், "குறைவாகவே வையுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் ஆண்டு ஆறு கிலோ ஏறியது. யாரும் எனக்கு அழுத்திச் சொல்லாத விஷயம் இது: கன்னமும் சேர்ந்து உப்பியது! இடம் மாறினாலும் அது தொடைக் கொழுப்புதானே, உடம்பு ஏறினால் தானும் ஏறும். எடை இறங்கியதும் முகமும் பழையபடி ஆனது. எடை நிலையாக நின்ற பிறகு செய்துகொள்வதுதான் சரி.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. முகத்தில் கொழுப்பு தமனிக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அதனால்தான் கூரான ஊசிக்குப் பதிலாக முனை மழுங்கிய குழாய். அரிதுதான், ஆனால் போனது திரும்புவது கடினம். பின்புறத்தைப் பெரிதாக்கும் சிகிச்சை இன்னும் கவலைக்குரியது. தசைக்குள் செலுத்திய கொழுப்பு பெரிய சிரைகள் வழியாக நுரையீரலை அடைத்து உயிர்கள் போயிருக்கின்றன. 2018-இல் பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, தசைக்குள் செலுத்தவே கூடாது, தோலுக்கடியில் மட்டும்தான் என்று எச்சரித்தன. எந்த அடுக்கில் வைப்பார்கள், குழாய் முனை எங்கே இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கேட்டால் எரிச்சல்படுகிறவரிடம் போகாதீர்கள்.

கையைச் சொல்லவில்லையே. முகத்தைவிட எனக்கு நிறைவு தந்தது அதுதான். முதல் முறையில் குழி பாதி நிரம்பியது, இரண்டாவதில் தோலோடு சமமானது. இப்போது விரலால் தடவித் தேடினால்தான் இடம் தெரிகிறது.