புதைத்த அருவாளைத் தேட: புரோட்டானா, ஃப்ளக்ஸ்கேட்டா?

கடலூரில் எனக்குச் சோறு போடும் தொழில் நீரோட்டம் பார்ப்பது. ஆனால் காந்தமானி (ஓரிடத்தின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வாங்கலாம் என்று இறங்கியதற்குக் காரணம் போர்வெல் இல்லை. கொலை வழக்கில் ஆயுதத்தை எங்கேயோ புதைத்துவிட்டார்கள், தோண்டித் தோண்டி அலுத்துவிட்டது, ஏதாவது செய்ய முடியுமா என்று காவல்துறையிலிருந்து அவ்வப்போது கேட்கிறார்கள். என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு வகைதான் இருந்தன: புரோட்டான் காந்தமானி, ஃப்ளக்ஸ்கேட் கிரேடியோமீட்டர். நான் வாங்கியது இரண்டாவது, அதுவும் செகண்ட் ஹேண்ட். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்குமே இரும்பு வகையறா மட்டும்தான் தெரியும். அருவாள், கடப்பாரை, நாட்டுத் துப்பாக்கியின் குழல், மண்ணில் இறக்கி மூடிய பைக் எல்லாம் சரி. தங்கச் சங்கிலி, பித்தளைத் தோட்டா உறை, ஈயக் குண்டு எதுவும் தெரியாது. பஞ்சலோகச் சிலை காலடியிலேயே கிடந்தாலும் காந்தமானி கண்டுகொள்ளாது. அதற்கெல்லாம் மெட்டல் டிடெக்டர்தான். அது எல்லா உலோகத்துக்கும் கத்தும், ஆனால் கையடக்கமான பொருள் ஓர் அடிக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். தரை ஊடுருவும் ரேடாரைப் பற்றிச் சொல்வதானால், உப்பனாற்றங்கரை மாதிரி உப்பேறிய களிமண்ணில் அதன் அலை இறங்குவதே இல்லை. காந்தப்புலத்துக்கு உப்பும் சேறும் ஒரு பொருட்டே அல்ல.

புரோட்டான் கருவியின் சென்சார் என்பது ஹைட்ரஜன் நிறைந்த திரவம் அடைத்த ஒரு குப்பி. பல கருவிகளில் அந்தத் திரவம் நம்ம மண்ணெண்ணெய்தான். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ச்சி நிறுத்தினால், உள்ளே இருக்கும் புரோட்டான்கள் புவிகாந்தத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் வேகம்தான் அளவு. நம் பக்கம் புலம் ஏறத்தாழ 41,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதற்கு நொடிக்குச் சுமார் 1,750 ஆட்டம் வரும். இதில் எனக்குப் பிடித்தது, அளவுதிருத்தம் என்ற தலைவலியே கிடையாது. எந்த ஊரில், எந்த வெயிலில் எடுத்தாலும் அதே கணக்கு. பிடிக்காதது, ஒவ்வொரு புள்ளியிலும் அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் இரும்பை நெருங்க நெருங்கப் புலம் சட்டென்று மாறுவதால் சிக்னல் தேய்ந்து, எண் தாறுமாறாகிவிடும். முள்கம்பி வேலிக்குப் பக்கத்தில் இது சுத்தமாக ஆகாது.

ஃப்ளக்ஸ்கேட் கிரேடியோமீட்டரில் ஒரு குழாய்க்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஃப்ளக்ஸ்கேட் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் கம்பிச்சுருள்). பதிவாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். நடந்துகொண்டே எடுக்கலாம்.

வேகத்துக்காக மட்டும் இதை வாங்கவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது நாம் இருக்கும் இடம். காந்த நடுக்கோடு, அதாவது புவிகாந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும், நம் மாவட்டத்து அண்ணாமலை நகரிலேயே ஒரு காலத்தில் காந்த ஆய்வுக்கூடம் இயங்கியதும் சும்மா இல்லை. இந்த ஓட்டத்தால் காலையில் ஏறத் தொடங்கும் புலம் உச்சிவேளைக்குள் பல பத்து நானோடெஸ்லா கூடிவிடும், மாலைக்குள் இறங்கிவிடும். இதோடு ஒப்பிட, ஒரு ரிவால்வர் 5 அடி தூரத்தில் தருவது ஏறக்குறைய 10 முதல் 20 நானோடெஸ்லாதான். தூரம் இரட்டிப்பானால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும். ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரையில் கம்பு நட்டு அலையின் உயரத்தை அளப்பது மாதிரிதான்.

புரோட்டான்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். இன்னொரு கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, அது காட்டும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துக்கொள்வார்கள். கழிப்பது சுலபம். ஆனால் இரண்டாவது கருவிக்குக் காசு, அதைக் காவல் காக்க ஓர் ஆள், அதன் பக்கத்தில் எந்த ஜீப்பும் வந்து நிற்காத ஓர் இடம், இத்தனையும் வேண்டும். சம்பவ இடத்தில் ஜீப் வராத இடம் ஏது? ஒரே கருவியோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய புள்ளிக்கே திரும்பி வந்து சரிபார்க்கலாம். அமைதியான நாளில் அது போதும். காந்தப் புயல் அடிக்கும் நாளில், அதாவது சூரியனின் சீற்றத்தால் புவிகாந்தம் கலங்கும் நாளில், போதாது. கிரேடியோமீட்டருக்கு இந்தப் பாடே இல்லை. நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் மேல் சென்சாருக்கும் கீழ் சென்சாருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் எடுத்தால் அது தானாகவே போய்விடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. காலையில் கருவியை இரும்பில்லாத இடத்தில் வைத்து, நான்கு திசைக்கும் திருப்பி, எல்லாத் திசையிலும் ஒரே எண் வரும்படி சமன் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் சமன் நழுவும், திரும்பவும் செய்ய வேண்டும். கருவியைத் தூக்கும் ஆளிடம் ஊக்கு, சாவி, செல்போன், ஆணி அடித்த செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. நான் வேட்டிதான் கட்டிக்கொள்கிறேன். அரைஞாணில் வெள்ளித் தாயத்து இருந்தால் பரவாயில்லை, இரும்பு ஊக்கு கோத்திருந்தால் கழற்றிவிட வேண்டும். உதவிக்கு வரும் காவலர் “பெல்ட்டுமா சார்?” என்று கேட்பார். பெல்ட்டும்தான். கைவிலங்கோடு நிற்கும் ஆளையும் நன்றாகத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

வரைபடத்தைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலேய நாட்டுப் பாடப்புத்தகங்களில் மேடு (எண் கூடும் இடம்; குறையும் இடம் பள்ளம்) எங்கேயோ ஏறக்குறைய அங்கேயே பொருளும் இருக்கும். அங்கே காந்தக் கோடுகள் செங்குத்தான சரிவில் தரைக்குள் இறங்குகின்றன. கடலூர், புதுச்சேரியில் அவை கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன. அதனால் ஃப்ளக்ஸ்கேட் வரைபடத்தில் தெற்கே ஒரு மேடு, வடக்கே ஒரு பள்ளம் என்று ஜோடியாக வரும். பொருள் இரண்டுக்கும் நடுவில். மேட்டைப் பார்த்துத் தோண்டினால் வெறும் குழிதான் மிஞ்சும். அந்த ஜோடியின் இடைவெளியை அளந்தால் ஆழமும் தோராயமாகக் கிடைக்கும். சென்சாரிலிருந்து பொருள் இருக்கும் தூரம் அந்த இடைவெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சென்சாரைத் தூக்கிப் பிடித்த உயரத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். புரோட்டானில் பொருளுக்கு நேர் மேலேயே பள்ளம் விழும், அந்த வகையில் அது வெகுளியான கருவி. ஆனால் அருவாள் பட்டறையில் காய்ச்சி அடித்த எஃகு. அதற்கென்று ஒரு நிரந்தர காந்தம் இருக்கும், ஜோடி எந்தத் திசையிலும் திரும்பியிருக்கலாம். தோண்டுவதற்கு முன் மெட்டல் டிடெக்டரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

முந்திரித் தோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் பிய்த்தெறிந்த தகரத் துண்டு இன்னும் பண்ருட்டி பக்கம் மண்ணுக்குள் கிடைக்கிறது. வரைபடத்தில் எல்லாமே ‘பொருள்’தான். இரும்புக் கேசிங் இறக்கிய போர்வெல் இருந்தால் அதைச் சுற்றிச் சில மீட்டரை மறந்துவிட வேண்டியதுதான். பிவிசி என்றால் கவலையில்லை. கடற்கரையில் இரும்புத்தாது கலந்த கருமணல் பட்டை குழப்பும். எரித்த மண்ணும் செங்கல்லும் காந்தமேறியவை, அதுவும் சில சமயம் சாதகம்: தடயத்தை எரித்து மூடிய குழி தனியாகத் தெரியும்.

புரோட்டான் எங்கே ஜெயிக்கும் என்றால், ஆழத்தில். வித்தியாசத்தை மட்டும் அளப்பதால் கிரேடியோமீட்டரின் சிக்னல் தூரத்தோடு இன்னும் வேகமாகத் தேயும். ஒரு டன் எடையுள்ள கார் 30 அடியில் 40 நானோடெஸ்லா, 100 அடியில் 1 என்பது பொதுவான கணக்கு. பழைய குவாரியில் தள்ளிய வண்டியைத் தேட நான் புரோட்டானைத்தான் வாடகைக்கு எடுப்பேன். குளத்துக்குள்ளும் அதன் குப்பியை இறக்கலாம். நானே தண்ணீரில் தேடியதில்லை, அதனால் அதற்கு மேல் பேசவில்லை. சீசியம் கருவி என்ற இன்னொரு வகைக் காந்தமானி இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் என்கிறார்கள். நான் ஒரு செயல்விளக்கத்தில் பார்த்ததோடு சரி, விலையைக் கேட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவும், வேலையை வீடியோ எடுக்கவும் சொல்கிறது. மாநிலங்கள் இதை அறிவித்துச் செயல்படுத்த ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. இந்தச் சூழலில், ஏன் இந்த இடத்தில் தோண்டினோம் என்று கோப்பில் வைக்கச் சேமித்த வரைபடம் ஒன்று இருப்பது நல்லது. இரண்டு காந்தமானிகளும் அதைத் தரும், சாதாரண மெட்டல் டிடெக்டரின் சத்தம் தராது.

பழைய ஃப்ளக்ஸ்கேட் வாங்குகிறவர்கள் கடைக்குள் ஏசியில் வைத்துப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்து, சமன் செய்து, அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தி, திரும்ப நான்கு திசையும் சுற்றிப் பாருங்கள். எண் நிலையாக நின்றால் பேரம் பேசலாம்.